புது லேப்டாப்பைத் திறக்க எதற்கு ஆன்லைன் கணக்கு?

கரிசல்காரன்:
விண்டோஸ் 11 ஹோம் உள்ள லேப்டாப்பை முதல்முறை திறந்தால் இணையம் கேட்கிறது, அப்புறம் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. இரண்டும் இல்லாமல் உள்ளே போக நேர்வழி கிடையாது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க நான் ஏன் இன்னொருவர் சர்வரில் பெயர் பதிய வேண்டும்? நிறுவும்போது ஒரு கட்டளையைத் தட்டித் தப்பித்துக்கொண்டிருந்தோம். 2025 மார்ச்சில் அதையும் சோதனைப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டால் பாதுகாப்பாம்.

பைட்டுப்பையன்:
ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் கேட்டபோது வாயைத் திறக்காமல் கொடுத்தீர்கள்தானே? இங்கே மட்டும் என்ன வந்தது?

கரிசல்காரன்:
அங்கே ‘தவிர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது நண்பரே. அழுத்தினால் ப்ளே ஸ்டோர் கிடைக்காது, ஆனால் போன் திறக்கும். அந்தப் பொத்தானைத்தான் கேட்கிறேன்.

வைகைக்கரை:
கணக்கைவிடப் பெரிய சிக்கல் பூட்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். நம்மை ஒரு வார்த்தை கேட்காது. அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நம் ஊரில் புது லேப்டாப்பை யார் செட்டப் செய்கிறார்கள்? கடையில்தான். தங்கை மகளுக்கு வாங்கியதில் கடைக்காரர் ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு முடித்து, திறக்கும் பின் (PIN) நம்பரை அட்டைப்பெட்டியில் எழுதிக் கொடுத்தார். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஒன்று ஆனது. அடுத்த முறை போட்டால் நீலத்திரையில் 48 இலக்கம் கேட்டு நிற்கிறது. கல்லூரி புராஜெக்ட் முழுக்க உள்ளே. எந்த மின்னஞ்சல் போட்டோம் என்று கடைக்காரருக்கே நினைவில்லை.

பைட்டுப்பையன்:
பாவம்தான். ஆனால் அது கடைக்காரர் வேலை அக்கா. என்கிரிப்ஷன் இல்லாத லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால், எடுத்தவர் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் படிப்பார். பாஸ்வேர்டு அதைத் தடுக்காது. மக்கள் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்று 2017 மே மாதம் வான்னாக்ரை காட்டியது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ் அது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் தள்ளிப்போட்டவர்கள்தான் சிக்கினார்கள்.

வைகைக்கரை:
பூட்டு வேண்டாம் என்று யார் சொன்னது தம்பி? சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பூட்டச் சொல்கிறேன். செட்டப்பின்போது ஆபீஸ் சந்தா, கேம் சந்தா என்று திரை திரையாகக் காட்டுகிறார்கள். ‘இந்த 48 இலக்கத்தை எழுதி வையுங்கள்’ என்று ஒரு திரை காட்டினால் குறைந்தா போய்விடும்?

மரப்பாச்சி:
இவ்வளவு அல்லல் எதற்கு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். கணக்கு கேட்காது, 4 ஜிபி ரேமில் ஓடும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல் 7ஆம் தலைமுறை சிப்பை, ஓரிரண்டு தவிர, விண்டோஸ் 11 ஏற்காது. நன்றாக ஓடுகிற கணினியை எடைக்கா போட முடியும்?

பைட்டுப்பையன்:
லினக்ஸ் அன்பர் வந்தாச்சு, இனி திரி உருப்பட்ட மாதிரிதான் :) ஜிஎஸ்டி கணக்கு போடுகிற கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்ததே, உங்களுக்குத் தெரிந்து எத்தனை பேர் அதைத் திறந்தார்கள்?

மரப்பாச்சி:
டேலிக்காரர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். பிரவுசரும் யூடியூப்பும் மட்டும் பார்க்கிற வீட்டுக்குத்தான் சொன்னேன்.

புதுவாசகி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் லேப்டாப்பும் கடையில் செட்டப் செய்ததுதான். பின் நம்பர் மட்டும் தெரியும். இப்போது என்ன செய்ய?

பைட்டுப்பையன்:
உள்ளே போக முடிகிறதல்லவா, அது போதும். முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுங்கள். செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் சாதன என்கிரிப்ஷனை அணையுங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், நேரம் பிடிக்கும். பிறகு உங்கள் பெயரில் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றை அட்மினாகச் சேர்த்து, அதில் நுழைந்து மறுபடி என்கிரிப்ஷனைப் போடுங்கள். புது எண் உங்கள் கணக்குக்கு வரும்.

கரிசல்காரன்:
போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

வைகைக்கரை:
போடும்மா. எண்ணைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வை.