ஐ2பி-யில் மற்றவர்கள் ஐபி எல்லாம் தெரிகிறதே, அப்போ என்னுடையது?

கரிக்குருவி:
நேற்று ராத்திரி மடிக்கணினியில் ஐ2பி (யார் என்று காட்டாமல் இணையத்தில் பேச உதவும் வலையமைப்பின் மென்பொருள்) போட்டேன். 127.0.0.1:7657 பக்கத்தில் பியர் பட்டியலை (இணைந்திருக்கும் மற்ற கணினிகள்) திறந்தால் யார் யாருடைய ஐபி முகவரியோ வரிசையாக நிற்கிறது, பக்கத்தில் நாட்டுக் கொடி வேறு. அப்படியென்றால் என் முகவரியும் அவர்கள் திரையில் இப்படித்தானே நிற்கும்? பயந்துபோய் நிறுத்திவிட்டேன். 'ஃபயர்வால்டு' (வெளியிலிருந்து நேரடி இணைப்பு உள்ளே வர முடியவில்லை) என்றும் காட்டியது, ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம். எங்கே தப்பு செய்தேன்?

மண்வெட்டி:
தப்பு ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் செருப்பு கிடந்தால் நீங்கள் வந்திருப்பது தெரியும், எந்தச் சன்னதியில் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று தெரியாது, அந்தக் கதைதான். உங்கள் ரௌட்டருக்கு (வைஃபை பெட்டி அல்ல, உங்கள் கணினியில் ஓடும் ஐ2பி மென்பொருள்) ஓர் அடையாளம், அதன்மேல் ஓடும் டோரண்டுக்கோ (கோப்புப் பகிர்வு) தளத்துக்கோ வேறு அடையாளம். இந்த இரண்டாவதில் உங்கள் ஐபி கிடையாது, உங்களை நோக்கி வரும் சுரங்கத்தின் (பல கணினிகள் வழியாக வரும் மறைப்பாதை) முதல் வாசலாக யார் இருக்கிறார் என்பது மட்டும்தான் இருக்கும். வழக்கமாக உங்கள் பக்கம் 3 கணினி, எதிராளி பக்கம் 3, ஆக கேள்வி 6 கை மாறிப் போய், பதில் வேறு 6 கை மாறி வரும். நடுவில் இருப்பவருக்குத் தன் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான் தெரியும். சுரங்கமும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். அரை நிமிடம் ஏன் ஆகிறது என்று புரிந்ததா? ஒரு நாள் அணைக்காமல் விட்டுப் பாருங்கள், கொஞ்சம் வேகம் பிடிக்கும். ஃபயர்வால்டு என்று வந்தாலும் வேலை நடக்கும்.

பழையவண்டி:
டோரண்ட் எதில் ஓட்டுகிறீர்கள்? வழக்கமான கிளையண்டில் (டோரண்ட் மென்பொருள்) ஐ2பி-யின் பிராக்சி எண்ணை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சில கிளையண்ட்கள் டிராக்கரிடம் (கோப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) பேசும்போது சொந்த ஐபியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடும், 2010-லேயே டோர் திட்டம் (ஐ2பி போல அடையாளம் மறைக்கும் இன்னொரு வலையமைப்பு) இதைச் சொல்லி எச்சரித்தது. ஐ2பி-யோடு கூடவே வரும் டோரண்ட் கிளையண்டான ஐ2பிஸ்நார்க்கைப் பயன்படுத்துங்கள். அப்புறம், பகிரும் கோப்புக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கரிக்குருவி:
ஸ்நார்க்குக்கு மாறிவிட்டேன், அதில் பியர்கள் வெறும் எழுத்துக் குவியலாகத்தான் தெரிகிறார்கள், ஐபி இல்லை. கோப்பு நான் ஸ்கேன் செய்த பழைய ரேடியோ கையேடு, பிடிஎஃப். அதன் பண்புகளைத் திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் இனிஷியலோடு என் முழுப் பெயர்! அழித்துவிட்டுப் புதிதாக டோரண்ட் போட்டேன், ஆனால் பழையதை அதற்குள் 2 பேர் இறக்கிவிட்டார்கள்.