ரீஹேப் வார்டுல சார்ஜ்: ஆளுக்கு ஆறு பேஷண்ட்னு சமமாத்தான் பிரிக்கிறேன், அப்பவும் தினமும் சண்டை

புதுசார்ஜ்

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷம் ஐசியூல இருந்துட்டு ரெண்டு மாசம் முன்னாடி ரீஹேப் ஆஸ்பத்திரிக்கு மாறினேன், போன வாரத்துலேருந்து பகல் ஷிப்ட் சார்ஜ் என் தலைல கட்டிட்டாங்க. 24 பெட், நாலு நர்ஸ், மூணு அட்டெண்டர். ஸ்ட்ரோக், தண்டுவட அடி, தலைக்காயம், இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, எல்லாம் கலந்து கட்டி இருக்கு. வந்த புதுசுல ஓ.டி.க்கு அனுப்புங்கன்னு சொன்னதும் எந்த ஆபரேஷன்னு கேட்டு மானம் போச்சு (இங்க ஓ.டி.ன்னா ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைய தானே செய்ய பழக்கறது), அது வேற கதை.

பிரச்சனை என்னன்னா ஆளுக்கு ஆறு பேஷண்ட்னுதான் போடறேன், ஆனா எட்டு மணிக்கு ஒருத்தி கண்ணுல தண்ணியோட ஓடிட்டு இருக்கா, இன்னொருத்தி நிதானமா சார்ட் எழுதிட்டு இருக்கா. ஒன்பது மணிக்கு பிசியோ வந்து "பேஷண்ட் இன்னும் ரெடி ஆகலையா சிஸ்டர்"னு நிக்கறாங்க. இது பத்தாதுன்னு நேத்து ஒரு ஸ்ட்ரோக் பேஷண்டோட பொண்ணு வந்து, எங்க அப்பா சட்டை போட முடியாம திணறிட்டு இருக்காரு உங்க நர்ஸ் கை கட்டி வேடிக்கை பாக்கறாங்கன்னு சத்தம் போட்டுட்டாங்க. நான் மன்னிப்பு கேட்டுட்டு நானே போட்டு விட்டேன். அது தப்பா சரியான்னு இன்னும் தெரியல. ஐசியூல ஒரு நாள்கூட இப்படி முழிச்சதில்ல.

பழைய_வெள்ளைக்கோட்டு

தங்கச்சி, ஆறு ஆறுன்னு பிரிக்கிறதை முதல்ல விடு. ஐசியூல தலைய எண்ணினா வேலை ஓரளவு தெரிஞ்சிடும், இங்க அந்த கணக்கு செல்லாது. தானா நடந்து பாத்ரூம் போற ஆறு பேரும் ஒண்ணு, கட்டில்லேருந்து வீல்சேருக்கு மாத்தவே ரெண்டு பேர் பிடிக்கணும்ங்கிற மூணு பேரும் ஒண்ணு. அதுவும் இங்க வேலை நாள் பூரா பரவி வராது, காலைல ஆறரைலேருந்து ஒன்பதுக்குள்ள மொத்தமா வந்து விழும், மத்தியானம் பாதி வார்டு ஜிம்ல இருக்கும்போது நீ ஈ ஓட்டலாம். அதனால அசைன்மெண்ட் போடும்போது அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு மட்டும் போடு, மீதி நாள் தன்னால ஓடிடும்.

எஃப்.ஐ.எம். ஸ்கோர், அதான் பேஷண்ட் எவ்வளவு தானா செய்யறாருன்னு அளக்கறது, உங்க ஃபைல்ல இருக்கும்னு நினைக்கிறேன். 18 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 7 வரைக்கும், 7ன்னா யார் துணையும் வேண்டாம், 1ன்னா கிட்டத்தட்ட எல்லாமே நாமதான் செய்யணும். மொத்தம் 18லேருந்து 126 வரைக்கும் வரும், ஆனா மொத்தத்தை பாத்து ஏமாறாதே, பேச்சு ஞாபகசக்தி எல்லாம் அதுக்குள்ள சேந்துடும், நல்லா பேசறவர் காலைல உன் இடுப்ப ஒடிச்சிடுவார். நான் பாக்கறது நாலே நாலு: ட்ரான்ஸ்ஃபர், டாய்லெட், சாப்பாடு, டிரெஸ். யார்கிட்ட இந்த நாலுலயும் 1, 2 இருக்கோ அவங்க மூணு பேரை ஒரே நர்ஸுக்கு போட்டா அன்னிக்கு அவ அழுவாதான்.

அப்புறம் பக்கத்துல இருக்கிற நேரத்தையும் எண்ணணும். கழுத்து தண்டுவடத்துல அடி பட்டவரை சட்டுனு உக்கார வெச்சா பிபி இறங்கி கண்ணு இருட்டிடும், படுத்திருக்கும்போதே ஸ்டாக்கிங் மாட்டி, வயித்துக்கு பைண்டர் (அகலமான பெல்ட்) கட்டி, தலைமாட்டை கொஞ்சம் கொஞ்சமா தூக்கி, அப்புறம்தான் சேர். அவர் ஒருத்தருக்கே முக்கால் மணி நேரம் போயிடும். மலம் போக வைக்கிற ப்ரோக்ராம் காலைல இருந்தா சாப்பிட்டு இருபது முப்பது நிமிஷம் கழிச்சு செஞ்சாதான் குடல் நல்லா அசையும், அதையும் ஒன்பது மணி பிசியோவையும் ஒண்ணா வெச்சிருந்தா அது உன் தப்பு இல்ல, டைம்டேபிள் போட்டவங்க தப்பு. முதல் நாள் சாயந்திரமே தெரபிஸ்ட் கூட உக்காந்து, எழுப்ப நேரம் எடுக்கிறவங்களுக்கு பத்தரை ஸ்லாட்டும் தானா எழுந்து நிக்கறவங்களுக்கு ஒன்பது ஸ்லாட்டும் மாத்தி வாங்கு. ஓ.டி.கிட்ட (ஆபரேஷன் இல்லாத ஓ.டி.) காலைல ஏழரைக்கு ரூமுக்கே வந்து டிரெஸ் போடற பயிற்சிய அங்கயே குடுக்க முடியுமான்னு கேளு, அதுவும் தெரபிதானே, உனக்கும் ரெண்டு கை கூடுதலா கிடைக்கும்.

நடக்கவிடு

சட்டை விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். நீங்க போட்டு விட்டது அந்த நேரத்துக்கு சரி, ஆனா அந்த நர்ஸ் முன்னாடி போட்டு விட்டது தப்பு. அவ சரியாத்தான் செஞ்சிருக்கா, இனிமே யார் பாத்தாலும் பயந்து தானே போட்டு விட்டுடுவா.

வேடிக்கை பாக்கறதும் பக்கத்துல நிக்கறதும் வெளியாளுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். என் பேஷண்ட் ஒருத்தர், இடது பக்கம் சுத்தமா வராது, அதுவும் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே மனசுல பதியாது, தட்டுல பாதி சோறு அப்படியே இருக்கும். வராத கைய முதல்ல சட்டைக்குள்ள விடணும், கழட்டும்போது அதை கடைசியா எடுக்கணும், இது ஒண்ண கத்துக்கவே நாலு நாள் ஆச்சு. அஞ்சாவது நாள் பன்னெண்டு நிமிஷம், நான் அவருக்கு இடது பக்கமா ஸ்டூல் போட்டு உக்காந்து "கை எங்க இருக்கு பாருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தேன், கடைசி பட்டன் மாட்டிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பாத்தாரு. ஆனா நான் சும்மா நிக்காம ஸ்டூல் போட்டு உக்காந்ததாலதான் வீட்டுக்காரங்களுக்கு அது வேலையா தெரிஞ்சுது. சின்ன விஷயம்தான், செஞ்சு பாருங்க.

அட்மிஷன் அன்னிக்கே வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க, இங்க நாங்க செய்யறது குறைய குறையத்தான் அவர் வீட்டுக்கு போற நாள் கிட்ட வருதுன்னு. அப்புறம் அந்த பொண்ணையும் சேத்துக்கோங்க, நாளைக்கு வீட்டுல சட்டை போட பக்கத்துல இருக்கப் போறது அவங்கதான். வராத கைய அக்குள்ல பிடிச்சு இழுத்து தூக்கக்கூடாதுன்னும் சொல்லிக் குடுங்க, தோள்பட்டை இறங்கிடும்.

மூணாவது_ஷிப்ட்

எல்லாத்தையும் அவரே செய்யட்டும்ங்கிறதுல எனக்கு முழு உடன்பாடு இல்ல. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு சோர்வு நாம நினைக்கிறதை விட மோசம். சட்டை, பேண்ட், பல் தேய்க்கிறது எல்லாத்தையும் ஒன்பதுக்குள்ள செய்ய வெச்சா பாரலல் பார்ல (பிடிச்சு நடை பழகற கம்பி) நிக்கும்போது கால் நடுங்கும். தெரபிஸ்ட்கிட்ட கேட்டு இந்த வாரம் சட்டை மட்டும், பேண்ட் நாம போடலாம்னு முடிவு பண்ணி போர்டுல எழுதிடுங்க, எல்லா ஷிப்ட்டும் அதையே செய்யணும். பகல்ல நீங்க விடுவீங்க, நைட்ல நாங்க போட்டு விடுவோம், பேஷண்ட் பாவம் யாரை நம்புவாரு.

இரவுப்பறவை

ஐசியூலேருந்து வந்தவங்கங்கிறதால இத கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நானும் அங்கேருந்துதான் வந்தேன், மாட்டிக்கிட்டேன். முதல் மாசம் நைட் சார்ஜ். டி4ல (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல நாலாவது) தண்டுவடம் அடிபட்ட பையன், ராத்திரி ரெண்டு மணிக்கு தலை வெடிக்குதுங்கிறான், முகமெல்லாம் சிவந்து வேர்த்து ஊத்துது, பிபி 168. ஐசியூ கண்ணுக்கு 168ங்கிறது தினமும் பாக்கற நம்பர், நான் படுக்க வெச்சு பாராசிட்டமால் குடுக்கப் போனேன். பழைய அட்டெண்டர் அக்காதான் "சிஸ்டர் அவனுக்கு எப்பவும் நூறுதான் இருக்கும்"னு கத்தினாங்க. டி6லயோ அதுக்கு மேலயோ அடி பட்டவங்களுக்கு வழக்கமான பிபியே கம்மி, அதுலேருந்து 20, 40 ஏறினாலே அது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவா (அடிபட்ட இடத்துக்கு கீழ ஏதோ தொந்தரவு இருந்து பிபி தாறுமாறா ஏறறது) இருக்கலாம், விட்டா ஃபிட்ஸ், மூளைல ரத்தக்கசிவு வரைக்கும் போகும். படுக்க வெக்கவே கூடாது, நேரா உக்கார வெச்சு காலை தொங்கவிட்டு பெல்ட், பைண்டர், ஸ்டாக்கிங் எல்லாம் தளர்த்தி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி பாத்துக்கிட்டே காரணத்தை தேடணும், முதல்ல தேட வேண்டியது மூத்திரப்பை. அவன் தொடைக்கு அடில கதீட்டர் குழாய் மடங்கி கிடந்துச்சு. நேராக்கினதும் வெளில தொங்கற யூரின் பேக் நிரம்ப ஆரம்பிச்சுது, பத்து நிமிஷத்துல பிபி இறங்கிடுச்சு. குழாய் சரியா இருந்து இறங்கலன்னா குடல்ல அடைப்பு, அழுத்தப்புண், நகம் உள்ள குத்தறதுன்னு வரிசையா பாக்கணும், டாக்டரை முதல்லயே கூப்பிட்டு வெச்சுக்கணும்.

அன்னிலேருந்து என் ஹேண்டோவர் ஷீட்ல தண்டுவட பேஷண்ட் ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல அவங்க வழக்கமான பிபி இருக்கும். வேற வார்டுலேருந்து அன்னிக்கு மட்டும் வர்ற நர்ஸுக்கு இவங்களை நான் போடறதே இல்ல, ஆறு இடுப்பெலும்பு கேஸ்கூட குடுப்பேன்.

புதுசார்ஜ்

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா முயற்சி பண்ணிட்டு வந்து எழுதறேன். அசைன்மெண்ட்டை அக்கா சொன்ன அந்த நாலு ஐட்டம் வெச்சு போட்டேன், ஒருத்திக்கு எட்டு பேர் இன்னொருத்திக்கு நாலு பேர்னு வந்துச்சு, எட்டு வாங்கினவ முதல் நாள் முறைச்சா, ஒன்பது மணிக்கு அவளே போய் நாலு வெச்சிருந்தவளுக்கு ஹாய்ஸ்ட் (பேஷண்டை தூக்கற மெஷின்) பிடிச்சா. ஓ.டி. வாரத்துல மூணு நாள் ரூமுக்கு வர ஒத்துக்கிட்டாங்க, பத்தரை ஸ்லாட்டுக்கு பிசியோ ஹெட் இன்னும் இழுத்துட்டு இருக்காரு.

வழக்கமான பிபி எழுதலாம்னு ஷீட்டை எடுத்தா அஞ்சு தண்டுவட பேஷண்ட்ல ரெண்டு பேருக்கு எங்கயுமே குறிக்கல, இன்னிக்கு அதைத்தான் தேடி எழுதினேன். சட்டை போட்டு விட்டதுக்கு அந்த நர்ஸ்கிட்ட தனியா கூப்பிட்டு சாரி சொல்லிட்டேன். பொண்ணு நாளைக்கு காலைல ஏழரைக்கு வர்றாங்க, ஸ்டூல் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்.