இரண்டு மின்பம்புகள்: இணையாகவா, தொடராகவா?

கேள்வி:
சொந்தமாகக் கட்டிவரும் இரட்டை இருக்கை விமானத்தில் மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினைப் பொருத்துகிறேன். பெல்ட் அறுந்தால் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும் என்பதால், அதற்குப் பதிலாக இரண்டு மின்பம்புகளை வைக்க எண்ணியுள்ளேன். எப்படி இணைப்பது: இணையாகவா (தனித்தனிக் கிளைக்குழாய்களில்), தொடராகவா (ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக)? எவ்வளவு ஓட்டம் தேவை?

பதில் 1:
கூலன்டுக்குள் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 60 கிலோவாட் வெப்பம் இறங்கி, ரேடியேட்டரில் அது 10 டிகிரி தணிய வேண்டுமென்றால், தண்ணீரும் கிளைக்காலும் (glycol, உறைதடுப்புத் திரவம்) பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் ஓட வேண்டும். பம்பின் அதிகபட்ச ஓட்ட அளவை நம்பாதீர்கள். உங்கள் குழாய்களின் எதிரழுத்தத்தில் அது எவ்வளவு தள்ளுகிறது என்பதே முக்கியம்.

பதில் 2:
இணையாக வைத்தால், ஒன்று நின்றதும் மற்றது தள்ளும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் நின்ற பம்பின் வழியே பின்னோக்கிச் சுற்றிவிடும். ஒருவழி வால்வுகள் வைத்தே ஆக வேண்டும். தொடரில் அந்தக் கவலை இல்லை. நின்ற பம்பின் இறக்கைகளுக்கிடையே கூலன்ட் புகுந்து செல்லும், ஓட்டம் மட்டும் குறையும். என் தேர்வு தொடர்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்றால் இரண்டு பம்பு வைத்தும் பயனில்லை.

பதில் 3:
10,000 அடி உயரத்தில் வெறும் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே, உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்துக் கொதிநிலையை உயர்த்தும் அழுத்த மூடி நன்றாக இருக்க வேண்டும். பம்பு தாழ்வான இடத்திலும், காற்று வெளியேறும் குழாய் மிக உயரமான புள்ளியிலும் அமைய வேண்டும். கூலன்ட் அழுத்தமானியையும் தயவுசெய்து வையுங்கள்: கூலன்ட் கசிந்து வெப்ப உணரி காற்றில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் தாழ்ந்தே காட்டக்கூடும்.