கூகுள் தேடலில் ஒளிந்திருக்கும் வேடிக்கைகளை வகுப்பில் காட்டுவது எப்படி? பள்ளி லேப்டாப்பில் வரவில்லை (கோத்தகிரி)

கோத்தகிரி கணினி டீச்சர்:
9ஆம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் பாடத்தைத் தொடங்கும்போது கூகுளில் ஒளிந்திருக்கும் வேடிக்கைகளைக் காட்ட நினைக்கிறேன். ஒரு புரொஜெக்டர், பாஸ் லினக்ஸ் இயங்குதளம் போட்ட லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட் இருக்கின்றன. ‘டூ எ பேரல் ரோல்’ என்று தேடினால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கம் கரணம் போடுகிறது. பள்ளி லேப்டாப்பில் சாதாரண முடிவுகள்தான் வருகின்றன. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சிக்னலும் நிற்காது. அதோடு, வேடிக்கை முடிந்ததும் பிள்ளைகளைப் பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? வெறும் கைதட்டலோடு போய்விடக் கூடாது.

குன்னூர் லினக்ஸ்:
முதலில் அந்த லேப்டாப்பில் எந்தத் தேடுபொறி இருக்கிறது என்று பாருங்கள் டீச்சர். பயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் அடித்தால், அதில் இயல்பாக வைத்திருக்கும் தேடுபொறிக்குத்தான் போகும். அது கூகுளாக இல்லாவிட்டால் கரணம் வராது. கூகுள் முகப்பைத் திறந்து அங்கேயே அடியுங்கள்.

அடுத்தது விசைப்பலகை. தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இந்த இழையில் தமிழில் எழுதியிருக்கும் தேடற்சொற்களை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கூகுளின் இடைமுக மொழியும் ஆங்கிலமாக இருக்கட்டும். கணிப்பானில் விடை காட்டும் வேடிக்கைகளும், ‘டிட் யூ மீன்’ (இதைத்தான் தேடினீர்களா) என்று கூகுள் திருப்பிக் கேட்கும் வேடிக்கைகளும் அப்போதுதான் நம்பகமாக வரும்.

தேடுவதை மறைமுக விண்டோவில் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்கள் எல்லாம் திரையில் எட்டிப் பார்க்கும். பரிந்துரைகள் எப்படியும் வரும் என்பதால், அடிக்கும் நேரத்தில் புரொஜெக்டர் ரிமோட்டில் படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் ‘ப்ரீஸ்’ பட்டனை அழுத்திவிட்டு, முடிவு வந்ததும் எடுத்துவிடுங்கள். ஆனால் கரணம் ஒரே ஒரு முறைதான் சுழலும், ப்ரீஸில் இருந்தால் தவறிப்போகும். அதற்கு மட்டும் முழுச் சொல்லையும் அடித்து, ப்ரீஸை எடுத்துவிட்டு, பிறகு என்டர் தட்டுங்கள்.

மாணவர்களே தேடப் போகிறார்கள் என்றால், ஆபாச முடிவுகளை வடிகட்டும் சேஃப்சர்ச்சைக் கட்டாயமாக்குங்கள். லினக்ஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்த முகவரி எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல்) 216.239.38.120 என்ற எண்ணுக்கு எதிரே கூகுளின் டாட் காம், டாட் கோ டாட் இன் முகவரிகள் இரண்டையும், முன்னால் டபிள்யூ மூன்றும் சேர்த்து எழுதிவிட்டால் போதும். கோப்பைச் சேமிக்க நிர்வாகி கடவுச்சொல் வேண்டும்.

பூம்பாறை கணக்கு:
பாடத்துக்குள் கொண்டுவருவது பற்றி. கரணமும், பக்கத்தைச் சாய்க்கும் ‘அஸ்க்யூ’வும் கண்ணுக்கு மட்டும்தான். பத்து விநாடியில் தீர்ந்துவிடும். பாடத்தையே உள்ளே வைத்திருக்கும் வேடிக்கையைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் தேர்வு ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. ப்ளூ மூன் என்றால் ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் முழுநிலவு. அதைத் தேடினால் கூகுள் கணிப்பான் 1.16699016 × 10⁻⁸ ஹெர்ட்ஸ் என்று காட்டும்.

காட்டிவிட்டு விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு எத்தனை முறை. ஆகவே தலைகீழாக்கினால் சுமார் 8,56,90,525 விநாடி. 86,400ஆல் வகுத்தால் 991.8 நாள், அதாவது சுமார் 2.715 ஆண்டு. இப்போது சரிபார்க்க வேண்டும்: 19 ஆண்டில் 228 மாதம், ஆனால் முழுநிலவு ஏறத்தாழ 235. மிச்சம் 7 நிலவுகள், ஏதோ ஒரு மாதத்தில் இரண்டாவதாக வந்தே ஆக வேண்டும். 19 ÷ 7 = 2.714. கூகுள் சொன்ன எண்ணைப் பிள்ளைகளே கரும்பலகையில் பிடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் வகுப்பு உண்மையாக விழித்துக்கொள்கிறது.

அதன் பிறகு நம் மலைக்கு வாருங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை. கொடைக்கானலில் 2006, 2018. இதன் அதிர்வெண் என்ன? 12 × 365.25 × 86,400 = 37,86,91,200 விநாடி. தலைகீழாக்கினால் 2.64 × 10⁻⁹ ஹெர்ட்ஸ். அடுக்குக்குறி −8இலிருந்து −9 ஆனதும், “எது அரிது?” என்று கேளுங்கள். 9 பெரிய எண், ஆகவே அதுதான் அடிக்கடி என்று சிலர் சொல்வார்கள். குறையெண் அடுக்கில் பிள்ளைகள் சறுக்கும் இடமே அதுதான். அங்கே நின்று பேச பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கூடலூர் பி.ஜி. ஆசிரியர்:
பிளஸ் ஒன்னுக்கு ‘ரிகர்ஷன்’, அதாவது தற்சுழற்சி: ஒரு நிரல் தன்னையே மறுபடி அழைப்பது. தேடினால் ‘டிட் யூ மீன்: ரிகர்ஷன்’ என்று வரும், சொடுக்கினால் மறுபடி அதே பக்கம். ஒரு மாணவரை அழைத்துச் சொடுக்கச் சொல்லுங்கள். “இது எப்போது நிற்கும்?” என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். நிற்காது, ஏனென்றால் முடிவு நிபந்தனை இல்லை. உடனே கரும்பலகையில் தொடர்பெருக்க (ஃபாக்டோரியல்) நிரலை எழுதி, n பூஜ்ஜியமானால் 1 திருப்பு என்ற வரியை மட்டும் அழித்துவிட்டு, 3 கொடுத்தால் என்ன ஆகும் என்று தாளில் தடம் பிடிக்கச் சொல்லுங்கள். 3, 2, 1, 0, −1, −2 என்று போய்க்கொண்டே இருக்கும். கூகுள் பக்கத்தில் நிறுத்துவது நம் விரல், நிரலில் நிறுத்துவது நினைவகம் தீர்வது. இந்த வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தற்சுழற்சி என்றாலே முடிவில்லாதது என்று பதிந்துவிடும்.

இயற்பியலுக்கு ‘நாசா டார்ட்’. ஒரு விண்கலம் திரையைக் கடந்து மோத, பக்கம் சாயும். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம், ஒரு சிறுகோளைச் சுற்றும் டைமார்பஸ் என்ற துணைக்கோளில் மோதியது. டைமார்பஸின் சுற்றுக்காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. மோதிய பிறகு ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்ற கேள்வியே உந்தப் பாடத்துக்குப் போதும்.

கோத்தகிரி கணினி டீச்சர்:
நன்றி சார், நன்றி குன்னூர். சிக்கல் தேடுபொறிதான், கூகுள் முகப்பில் அடித்ததும் கரணம் வந்துவிட்டது. சிக்னல் இல்லாத நாளுக்காகப் பக்கத்தைக் கன்ட்ரோல்+எஸ் போட்டுச் சேமித்தால், திறக்கும்போது அது சுழலவே இல்லை. என்ன செய்யலாம்?

குன்னூர் லினக்ஸ்:
சேமித்த கோப்பை நம்ப முடியாது டீச்சர். திரைப்பதிவுதான் வழி. நோம் மேசைத்தளம் என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஆர், வேறு மேசைத்தளம் என்றால் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள். ஒவ்வொன்றும் 15 விநாடி போதும், வீஎல்சியில் ஓடும். ப்ளூ மூனுக்கும் ரிகர்ஷனுக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டே போதும்.

கரணத்தைப் பிள்ளைகளே செய்யலாம். நெட் தேவையில்லை. எச்டிஎம்எல் கோப்பில் பாடி பகுதிக்கு சிஎஸ்எஸ் அனிமேஷன் ஒன்று கொடுங்கள்: கீஃப்ரேமில் சுழற்சியின் தொடக்கம் 0 டிகிரி, முடிவு 360 டிகிரி, காலம் 4 விநாடி. 360க்குப் பதில் 2 போட்டு, அனிமேஷனை இறுதி நிலையிலேயே நிறுத்தினால் அஸ்க்யூ கிடைத்துவிடும். தலைசுற்றல் உள்ள பிள்ளைகள் இருந்தால் சுழற்றுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரிய திரையில் அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று: குரோம், குரோமியம் இரண்டிலும் நெட் இல்லாதபோது வரும் டைனோசர் ஓட்டம். முகவரிப் பட்டையில் க்ரோம்://டைனோ என்று அடித்தால் நெட் இருக்கும்போதும் திறக்கும். ஸ்பேஸ் விசை குதிக்க, கீழ் அம்பு குனிய. 700 புள்ளியில் திரை இரவாகும். பயர்பாக்ஸில் இது கிடையாது.

கூடலூர் பி.ஜி. ஆசிரியர்:
டைனோசரைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள் டீச்சர். பாடத்துக்கு முன்னால் காட்டினால் அந்தப் பீரியட் போனதுதான்.