சீலிங்ல நடக்கற மாதிரி ஒரு இன்ஸ்ட்ருமென்டல், என்ன மிஸ் பண்றேன்?

கேள்வி:
சின்ன வயசுல கட்டில் விளிம்புல தலைய தொங்கவிட்டுப் படுத்துக்கிட்டு, சீலிங்தான் தரைன்னு நினைச்சுக்கிட்டு மணிக்கணக்கா அதுல நடப்பேன், ஃபேன் தரையில முளைச்ச செடி மாதிரி நிக்கும், அடுத்த ரூமுக்குப் போகணும்னா கதவு நிலைக்கு மேல இருக்கற சுவர ஏறிக் குதிக்கணும். அத வச்சு ரெண்டு நிமிஷ பீஸ் ஒன்னு பண்றேன். ஸ்ட்ரிங்ஸ், நிறைய ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்), சங்கராபரண ராகத்துல மெதுவா ஒரு மெலடி. கேட்டா தாலாட்டு மாதிரி இருக்கு, அந்த ரூம் வரவே மாட்டேங்குது. தலைப்பு வேற என்ன வைக்கறதுன்னு தெரியல.

பதில் 1:
முதல்ல ரிவெர்ப தூக்குங்க. கனவுன்னதும் எல்லாரும் புகை போட்டுடறோம், ஆனா நீங்க அப்போ படு சீரியஸா இல்ல சுவர் ஏறிட்டிருந்தீங்க? வெறும் பியானோ போதும். சுவர் வர்ற பார்ல (தாளத்தோட ஒரு சுத்துல) மட்டும் நாலுக்கு பதிலா அஞ்சு பீட், கால் தூக்க நேரம் வேணும்ல.

பதில் 2:
மெலடியவே தலைகீழாக்குங்களேன். சி-லேர்ந்து ச ரி க ப (கீபோர்டுல சி, டி, ஈ, ஜி) ஏறுதுன்னா, அதே தூரம் கீழ இறக்கினா சி, பி ஃபிளாட், ஏ ஃபிளாட், எஃப். சங்கராபரணத்த முழுசா இப்படிக் கவுத்தா தோடி ராகத்தோட சுரங்கள் வந்துடும் (சுரம் மட்டும்தான், தோடின்னு சொன்னா அடிக்க வருவாங்க). ஆனா உங்க ரூமுக்கு அது ரொம்ப இருட்டு. கரகரப்ரியா ராகத்தோட ஸ்கேல எடுங்க, கவுத்தாலும் அதே சுரங்கள்தான் வரும், அதே ரூம் தலைகீழா நிக்கற மாதிரி. கீபோர்டுல டி-ய பாருங்க, ரெண்டு பக்கமும் கறுப்புக் கட்டை கண்ணாடில பாத்த மாதிரி இருக்கும், அதுலேர்ந்து வெள்ளைக் கட்டைலயே ரெண்டு கையும் எதிரெதிரா நடக்கலாம்.

பதில் 3:
தலைப்புக்கு அவசரப்படாதீங்க. பிரெஞ்சு கம்போசர் டெபுஸி, 1910ல வந்த பிரெலூட்ஸ்ங்கற பியானோ தொகுப்போட முதல் புக்ல ஒவ்வொரு பீஸோட பேரையும் அது முடிஞ்ச அப்புறம்தான் கீழ போட்டிருப்பார்.

கேள்வி கேட்டவர்:
டி-ல வச்சேன், ரூம் வந்துடுச்சு! ஃபேனுக்கு இடது கைல ஒரே சுரம் சுத்திக்கிட்டே இருக்கு. அஞ்சு பீட் பார்ல மட்டும் ஒவ்வொரு தடவையும் கை தடுக்குது, அப்பவும் அந்த சுவர்ல தடுக்கத்தான் செய்யும், அதனால அந்த டேக்கையே வச்சுட்டேன்.