மறு: ‘பொருள் நிராகரிப்பு’ சரியான சொல்லா?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

> சிறுநீரகத்துக்கு ‘உறுப்பு நிராகரிப்பு’ என்கிறோம். செயற்கை மூட்டுக்கும் பேஸ்மேக்கருக்கும் ‘பொருள் நிராகரிப்பு’ என்றால் போதாதா, ஐயா?

போதாது. சிறுநீரக மாற்றில் டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் செல்கள் கொடையாளரின் திசு அடையாளத்தை வேறென்று கண்டு தாக்குகின்றன, அது நிராகரிப்புதான். செயற்கை மூட்டுக்கும் பேஸ்மேக்கருக்கும் பயன்படும் டைட்டானிய உலோகத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை விழுங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே நடப்பது வேறு. பொருள் குருதியில் பட்ட சிறிது நேரத்திலேயே ஆல்புமின், ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. அடுத்து வரும் செல்கள் தொடுவது அந்தப் படிவைத்தான். முதலில் நியூட்ரோஃபில்கள், பிறகு மேக்ரோஃபேஜ்கள். இரண்டும் கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள். பாக்டீரியாவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் பேஸ்மேக்கரை எப்படி விழுங்கும்? பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றாகிப் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்லாக அதன்மேல் ஒட்டிக்கிடக்கின்றன. சில வாரங்களில் கொலாஜன் நார் சுற்றிலும் வளர்ந்து பொருளை ஒதுக்கி அடைத்துவிடுகிறது. வெளியேற்றவில்லை, ஏற்கவும் இல்லை. இதை நிராகரிப்பு என்றால் நோயாளிக்கும் மாணவருக்கும் தவறான படமே மனத்தில் பதியும்.

என் பரிந்துரை: ‘அயற்பொருள் துலங்கல்’. ‘எதிர்வினை’ என்றால் பகை தொனிக்கிறது. தூண்டல், அதற்கு உடல் தரும் பதிலான துலங்கல் இரண்டும் பாடநூல்களில் ஏற்கெனவே இருப்பவை. துலங்கல் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைப் பிறகு கழற்ற முடியவில்லை. எலும்பு உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துவிட்டிருந்தது. 1965இல் அதையே பல் பொருத்துவதற்குப் பயன்படுத்தினார். அதுவும் உடலின் துலங்கல்தானே?

> நல்ல பொருளென்றால் உடல் சும்மா இருக்கும். ‘செயலறு பொருள்’ என்று பெயரிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது, அம்மா. இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் சார்ன்லி முதலில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். வேதியியலார் கண்ணில் அதைவிடச் சாதுவான பொருள் அரிது. ஆனால் மூட்டில் அது தேய்ந்து தூளானது, தூளை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கின, சுற்றிலும் அழற்சிக் கட்டிகள் வந்தன. மனிதர் டெஃப்லானையும் பாலிஎதிலீனையும் தம் தொடையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்! 1962 முதல் பாலிஎதிலீனுக்கு மாறினார். அதே டெஃப்லான் குடும்பத்துப் பொருள் செயற்கை இரத்தக் குழாயாக இன்றும் பயன்படுகிறது. ஆகவே ‘உயிரிணக்கம்’ (biocompatibility) என்பதைக்கூடப் பொருளின் தனிக்குணம்போல் வரையறுக்காதீர்கள். 1986இல் செஸ்டர் நகரில் கூடிய வல்லுநர்கள், குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில் ஏற்ற துலங்கலோடு பணியாற்றும் திறன் என்றுதான் அதை வரையறுத்தார்கள். எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்பது சேராமல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

அடுத்தது அந்த நார்ச் சுற்று. ‘நாருறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான். ஆனால் இந்தத் துலங்கலை விளக்கும் பத்தியிலேயே குருதி உறைதலும் வரும். ‘உறை’ இரண்டு வேலை பார்க்க நேரும். ‘நார்ப்பொதி’ என்றால் பொள்ளாச்சியில் லாரி ஏறும் தேங்காய் நார் நினைவுக்கு வருகிறது. எனக்கு ‘நார்க்கூடு’ பிடித்திருக்கிறது. பேஸ்மேக்கரைச் சுற்றி நார்க்கூடு வந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. தோலடியில் பதித்த சர்க்கரை உணரியைச் சுற்றி வந்தால் குளுக்கோஸ் அதை எட்டுவது தடைப்பட்டு அளவு பிசகும். சிலிகோன் மார்பகத்தைச் சுற்றி வந்த கூடு சுருங்கினால் வலிக்கும், வடிவமும் கெடும். கடைசியதற்கு ‘நார்க்கூட்டு இறுக்கம்’.

எதிர்ப்பாற்றலை ஈழத்து நண்பர்கள் ‘நிர்ப்பீடனம்’ என்றும் தமிழகத்துப் பாடநூல்கள் ‘தடைகாப்பு’ என்றும் எழுதுவதை இந்த இழையில் இழுக்க வேண்டாம். அது தனி வழக்கு. அயற்பொருள் துலங்கல், நார்க்கூடு, நார்க்கூட்டு இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். பெருஞ்செல்லுக்கு ‘பூதச்செல்’ என்று யாரும் எழுதினால் நான் எதிர்க்கப்போவதில்லை.