அந்த படிக்கட்டு ஷாட்ல நிக்கிறது எந்த விமானம், வைகவுண்டா, ஃபிரெண்ட்ஷிப்பா?

காட்பாடி ரன்வே:
வணக்கம் மக்களே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவில ஒரு அறுபதுகள் கருப்பு வெள்ளை படம் போட்டான், வேலூர் பக்கம் நிறைய பேர் பாத்திருப்பீங்க. பேரை வேணும்னே சொல்லல, சொன்னா ரிலீஸ் வருஷத்தை தேடிட்டு வந்து அதை வச்சே விமானம் பேரை சொல்வீங்க. கண்ணுக்கு தெரியறதை வச்சு பேசுவோம். மூணு ஷாட் இருக்கு. முதல்ல வானத்துல பறக்குது, அடுத்து தரையில உருண்டு வருது, மூணாவது ஷாட்ல ஹீரோயின் படிக்கட்டுல இறங்கி வர்றாங்க. மூணுமே வைகவுண்ட்ங்கறது என் கட்சி. நாலு இன்ஜின் ஒல்லியா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, வால்ல இருக்கற சின்ன இறக்கை ரெண்டும் மேல் நோக்கி வி மாதிரி சாஞ்சிருக்கு, ஜன்னல் எல்லாம் பெரிய முட்டை வடிவம். வைகவுண்ட் ஜன்னல் 26 அங்குல உயரம் 19 அங்குல அகலம், அவ்ளோ பெரிய ஜன்னலை ஒரு தடவை பாத்தா மறக்காது.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
அண்ணா முதல் ரெண்டுல எனக்கு சண்டையே இல்ல. மூணாவது ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப். முட்டை ஜன்னல் அதுக்கும் உண்டு, அதுவும் பெரிசுதான், அதனால ஜன்னலை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ஜன்னலுக்கு மேல பாருங்க, உடம்பு மேல ஒரு நிழல் நேர்கோடா விழுது. இறக்கை ஜன்னலுக்கு மேல இருந்தாதான் நிழல் அங்க விழும். வைகவுண்டுக்கு இறக்கை கீழ.

திமிரி டாக்கீஸ்:
சத்தம் கேட்டீங்களா? தடதடன்னு பழைய பிஸ்டன் இன்ஜின் சத்தம். அது டகோட்டா சார், எங்க ஊர்ல யாரை கேட்டாலும் சொல்வாங்க.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
சத்தத்தை வச்சு சொல்லாதீங்க ப்ளீஸ். எங்க வீடு கடற்படை தளத்து பக்கம், டியூ-142ன்னு கடற்படையோட பெரிய கண்காணிப்பு விமானம், 2017 மார்ச்ல ரிடையர் ஆகற வரைக்கும் எங்க தலைக்கு மேலதான் போகும், ஒவ்வொரு இன்ஜின்லயும் ரெண்டு புரொப்பெல்லர் எதிரெதிரா சுத்தும், ஜன்னல் கண்ணாடியே அதிரும். சத்தத்துல ஆளை கண்டுபிடிக்கறது எனக்கு பழக்கம்தான், ஆனா அது நேர்ல கேக்கற சத்தம். படத்துல வர்றது அப்பறமா எடிட்டிங்ல சேத்தது, கைல எந்த விமான சத்தம் இருந்துச்சோ அதை ஒட்டிருப்பாங்க. வைகவுண்ட், ஃபிரெண்ட்ஷிப், அவ்ரோ மூணுக்குமே ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் இன்ஜின், கீச்சுன்னு விசில் மாதிரி கத்தும், தடதடக்காது. அதோட டகோட்டா நின்னா வால் தரையில, மூக்கு வானத்துல இருக்கும். இதுல உடம்பு மட்டமா நிக்குது.

காட்பாடி ரன்வே:
டகோட்டா இல்லங்கறது சரி. நிழல் விஷயம் மட்டும் எனக்கு ஒப்பல தம்பி. ஹீரோயின் மூஞ்சில வெயில் அடிக்கக்கூடாதுன்னு மேல துணி கட்டி புடிச்சிருப்பாங்க, ஷூட்டிங்ல அது சாதாரணம்.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
துணி நிழல்னா ஆடும், ஓரம் மங்கலா இருக்கும். சரி நிழலை விடுங்க. இடது ஓரத்துல புரொப்பெல்லர் தெரியுது இல்ல, அதோட நடு மையம் ஜன்னல் வரிசைக்கு மேல இருக்கு. நாலு பிளேடு ரெண்டுலயும் உண்டு, அது உதவாது. ஆனா வைகவுண்ட்ல இன்ஜின் கீழ் இறக்கைல, மையம் ஜன்னலுக்கு கீழதான் வரும்.

காட்பாடி ரன்வே:
கேமராவை முழங்கால் உயரத்துல வச்சிருக்கான், அப்போ கிட்ட இருக்கறது எல்லாம் உசரமா தெரியும்.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
கிட்ட இருந்தா. இங்க கேமரா பின் கதவு பக்கம், இன்ஜின் முன்னாடி தள்ளி தூரத்துல இருக்கு. கீழ இருந்து பாத்தா தூரத்துல இருக்கறது இறங்கிதான் தெரியணும். அப்படியும் ஜன்னலுக்கு மேல தெரியுதுன்னா நிஜத்துல இன்னும் உசரம்.

காட்பாடி ரன்வே:
பின் கதவுன்னு எப்படி சொல்றீங்க? ரெண்டாவது ஷாட்டை பாருங்க, உடம்புல எழுத்து கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழா இருக்கு, கதவு வலது பக்கம் வருது. பயணிகள் கதவு இடது பக்கம்தான் இருக்கும். ஆக நெகட்டிவை திருப்பி போட்டு பிரிண்ட் அடிச்சிருக்கான், விமானம் ஒரே திசைல போற மாதிரி காட்டணும்னு. மூணாவதையும் அதே மாதிரி திருப்பியிருந்தா? அப்போ மூக்கு வலது பக்கம், இன்ஜின் கதவுக்கு பின்னாடி வருது, இது முன் கதவு. வைகவுண்டுக்கு முன் கதவு பின் கதவு ரெண்டும் இடது பக்கம் உண்டு, உங்க தூரக் கணக்கு அப்படியே மாறிடும்.

ஆரணி தறி:
நான் விமானத்தை பத்தி ஒண்ணும் சொல்ல வரல, புடவையை பத்தி சொல்றேன். எங்க வீட்ல மூணு தலைமுறையா தறி. முந்தானை இடது தோள்லதான் போடுவாங்க. படிக்கட்டு ஷாட்ல முந்தானை அந்தம்மாவோட இடது தோள்ல தான் இருக்கு, பார்டர் அகலமா நல்லா தெரியுது. திருப்பி போட்டிருந்தா வலது தோளுக்கு போயிருக்கும். அதனால அந்த ஷாட் திருப்பினது இல்ல.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
அக்கா சூப்பர்!! அப்போ நாம பாக்கறது விமானத்தோட இடது பக்கம், மூக்கு நம்ம இடது கை பக்கம். இன்ஜின் முன்னாடி, கதவு பின்னாடி. ஃபிரெண்ட்ஷிப்ல பயணிங்க ஏறி இறங்கறது பின்னாடி இடது கதவுலதான்.

வாலாஜா வாசு:
இன்னாங்க இது, கதைல அவங்க டெல்லில இருந்து வர்றாங்க, அவ்ளோ தூரம் ரெண்டு இன்ஜின் சின்ன விமானத்துலயா வருவாங்க? பெரிய விமானமாதான் இருக்கும், அப்போ வைகவுண்ட்தான்.

காட்பாடி ரன்வே:
வாசு சார் என் பக்கம் பேசறீங்க, ஆனா இந்த காரணத்தை நான் எடுத்துக்க மாட்டேன். கதை டெல்லின்னு சொன்னா விமானமும் டெல்லில இருந்து வரணும்னு இல்ல. பர்மிஷன் கிடைச்ச அன்னிக்கு மீனம்பாக்கத்துல எது சும்மா நின்னுச்சோ அதுல படிக்கட்டு போட்டு எடுத்திருப்பான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, இறக்கை எங்க? டிவிக்காரன் பழைய சதுர பிரேமை அகல டிவிக்கு இழுக்க மேலயும் கீழயும் வெட்டிட்டான். முழு பிரேம் பாக்காம ஃபிரெண்ட்ஷிப்னு ஒத்துக்க எனக்கு மனசு வரல.

குடியாத்தம் கேசட்:
நம்ம கடைல பழைய விசிடி கீதுண்ணா, அது வெட்டாத பிரேம். இப்பதான் போட்டு நிறுத்தி பாத்தேன். ஜன்னலுக்கு மேல தடியா இறக்கையோட அடிப்பக்கம் தெரியுது, இன்ஜின்ல இருந்து ஒரு நீளமான கால் நேரா தரைக்கு வருது, கொக்கு கால் மாதிரி. போன்ல போட்டோ எடுத்து போட்டிருக்கேன் பாருங்க.

ராஜாளி வாசல் (அரக்கோணம்):
அந்த கால்தான்! மேல் இறக்கைக்கு அவ்ளோ நீளம் தேவை. அவ்ரோவா இருக்குமோன்னு யாரும் கிளம்ப வேணாம், அதுக்கும் இறக்கை கீழ, இன்ஜின் இறக்கை மேல உக்காந்திருக்கும்.

காட்பாடி ரன்வே:
போட்டோ தெளிவா இருக்கு, மூணாவது ஃபிரெண்ட்ஷிப். இனிமே இதுல இருந்து என்ன கிடைக்குதுன்னு பாக்கணும். இந்தியன் ஏர்லைன்ஸ்க்கு ஃபிரெண்ட்ஷிப் வந்தது 1961ல, அதுக்கு முன்னாடி படிக்கட்டு ஷாட் எடுத்திருக்க முடியாது. வைகவுண்ட் 1957லயே வந்தாச்சு, அதனால முதல் ரெண்டு ஷாட்டும் வேற ஏதோ பழைய ரீல்ல இருந்து வாங்கி ஒட்டினதா கூட இருக்கலாம், திருப்பி போட்டதும் அதுக்கு ஒத்து வருது. விமானத்தை வச்சு எப்போக்கு முன்னாடி இல்லன்னு சொல்லலாமே தவிர எப்போக்கு அப்பறம் இல்லன்னு சொல்ல முடியாது, அதுக்கு படத்து ஆரம்பத்துல வர்ற சென்சார் சர்டிபிகேட் தேதிதான் வேணும். குடியாத்தம் தம்பி, அந்த விசிடில ரெண்டாவது ஷாட்டையும் நிறுத்தி இடம் வலம் மாத்தி ஒரு போட்டோ போடுங்க. உடம்புல வி.டி.ன்னு ஆரம்பிக்கற பதிவு நம்பர்ல அடுத்த மூணு எழுத்து படிக்க முடிஞ்சா அது எந்த விமானம்னே புடிச்சிடலாம்.